பின்வாசல் இல்லாத வீடு

விருத்தாசலம்,
மார்கழி 25.

அன்புத் தம்பி வளவனுக்கு,

அக்கா வேல்விழி எழுதுவது. நான் நலம். சிங்கப்பூரில் நீயும் ஜெயஸ்ரீயும் வெண்பாவும் நலமாக இருப்பீர்கள். இருக்க வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாம். பாதியில் "சரிக்கா, வைக்கிறேன்" என்பாய். இதை சாவியோடு ஒரே உறையில் வைத்து அனுப்புகிறேன். பிரிக்காமல் இருக்க முடியாது.

வீடு முடிந்தது. பெயிண்ட் வாடைகூடப் போய்விட்டது. இந்த ஒரு வருடமாக நீ வாட்ஸப்பில் அனுப்பிய கவலைகளுக்கெல்லாம் மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன். தை மாதக் கிரகப்பிரவேசத்துக்கு நிம்மதியாகப் புறப்படு.

சுவர் வெடிக்குமா என்று பதினோரு முறை கேட்டிருக்கிறாய். நம் மனை களிமண். கோடையில் பிளக்கும், மழையில் ஊதும். அதனால் ஆறடி தோண்டி, மணல் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே கம்பி கட்டி கான்கிரீட் பெல்ட் போட்டோம். மண் அசைந்தாலும் வீடு அசையாது.

செங்கல்லை நானே பார்த்து இறக்கினேன். கம்பெனியில் என் வேலை தெரியுமல்லவா. சூளையிலிருந்து வரும் பீங்கானைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். மணி மாதிரி ஒலிக்காத கல்லை லாரியிலேயே திருப்பி அனுப்பினேன். சாமிதுரை மேஸ்திரி சிரித்தார். "ஏம்மா, கல்லு வாங்குறீங்களா, பாட்டு கேக்குறீங்களா?" என்றார்.

"எல்லாம் உன் கையிலதான்க்கா இருக்குது" என்று நீ சொன்னபோதும் தட்டித்தான் பார்த்தேன்.

மொட்டை மாடி ஒழுகாது. பாத்தி கட்டி, ஒரு வாரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தாயிற்று. கீழே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

திருட்டுப் பயம் என்றாய். பின்பக்கம் தோப்பு, எவனும் புகுந்துவிடுவான் என்றாய். அதையும் தீர்த்துவிட்டேன். வரைபடத்தில் இருந்த பின்கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினேன். சமையல்கட்டில் ஜன்னல் மட்டும்தான். இந்த வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. யார் வந்தாலும் முன்வாசல்.

இதைப் படிக்கும்போது உனக்கு ஏதாவது நினைவு வருகிறதா?

வெண்பாவின் காதணி விழா. என் கணவர் இறந்து எட்டு மாதம். தோடு வைத்த சீர்த்தட்டோடு மண்டப வாசலில் நின்றேன். நீ ஓடி வந்தாய். தட்டை வாங்க வருகிறாய் என்று நினைத்தேன். "அக்கா, பின்னால சமையல்கட்டு வழியா வந்துடேன். ஜெயாவோட அம்மா வூட்டுக்காரங்க ஒரு மாதிரி நெனப்பாங்க" என்றாய்.

வந்தேன். சாம்பார் அண்டாவுக்கும் எச்சில் இலைக் கூடைக்கும் நடுவில். அத்தை என்ற உரிமையோடு.

வீடு கட்ட ஆள் வேண்டும் என்றபோது மட்டும் என் வீட்டு முன்வாசல் வழியாக வந்தாய். நான் ஏன் உடனே ஒப்புக்கொண்டேன் என்று நீ கேட்கவில்லை. உன் அத்தனை கவலைகளில் அது மட்டும் இல்லை.

ஒரு கல்லையும் குறைக்கவில்லை, வளவா. குறைத்திருந்தால் அது திருட்டு. பழி நிற்க வேண்டுமானால் வீடு நிற்க வேண்டும்.

கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிப் பிராது கட்டச் சொன்னாள், என்னோடு வேலை செய்யும் கமலம். போனேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் உன் பெயர், முகவரி, நடந்தது, எல்லாம் எழுதினேன். உன் மாமியார் பெயரை எழுதவில்லை. அவர்கள் வேற்று மனிதர். சொன்ன வாய் உன்னுடையது. எழுதி முடித்தேன். கட்டவில்லை. சாமியிடம் கொடுத்தால் தீர்ப்பு சாமியுடையது. எனக்கு என்னுடையது வேண்டியிருந்தது.

வைகாசியில் முன்வாசல் நிலை வைத்தோம். நிலை வைக்க சுமங்கலிகள் வேண்டும், உன் மாமியார் ராஜாம்பாள் திட்டக்குடியிலிருந்து ஆட்களோடு வருவார்கள், நேரத்தை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடு என்றாய். சொன்னேன். ஆறு மணியை ஒன்பது என்று சொன்னேன்.

ஆறு மணிக்கு மேஸ்திரி தயங்கினார். "அவங்க வந்துடட்டுமே?" என்றார். "நேரம் போவுது மேஸ்திரி, நிலையப் புடிங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிடித்தார்.

மஞ்சள் தடவியது நான். குங்குமம் வைத்தது நான். அடியில் நவதானிய முடிச்சை வைத்தது நான். முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பீங்கான் ஜாடி. மூடி போட்டது. அதற்குள் அந்தக் காகிதம். துணி மக்கும், பீங்கான் மக்காது. தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். விரிசல் இல்லை.

ஒன்பது மணிக்கு உன் மாமியார் வந்தார்கள். நேரம் தப்பக் கூடாதென்று மேஸ்திரியே வைத்துவிட்டார் என்றேன். மேஸ்திரி குனிந்து கரணையைக் கழுவினார். உன் மாமியார் நிலையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "யாரு வச்சா என்ன, நல்ல ராசியான கை. எவ்ளோ நேரா நிக்குது பாரு" என்றார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீ ஒரு மாதம் வாட்ஸப் முகப்புப் படமாக வைத்திருந்தாயே, அந்தப் படம்தான்.

ஜாடியை எடுத்துவிடலாமா என்று இப்போது யோசிப்பாய். மேஸ்திரியைக் கேள். நிலையைப் பெயர்த்தால் மேல்சுவர் விரிசல் விடும் என்பார். விரிசல்தானே உன் முதல் கவலை.

கிரகப்பிரவேசத்துக்கு நான் வரவில்லை. அன்று எனக்கு காலை ஷிப்ட், கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னை எங்கே நிற்க வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டாம். கோயிலில் கட்டிய பிராது என்றால், கட்டியவர் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு வழி நான் வைக்கவில்லை. நீ ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், வர வேண்டும்.

ஒன்று மட்டும். வெண்பாவை இடுப்பிலிருந்து இறக்கி, தானாக நடந்து வர விடு. அவள் தாராளமாக மிதிக்கட்டும். காகிதத்தில் அவள் பெயர் இல்லை.

வீடு நூறு வருடம் நிற்கட்டும், தம்பி. ஒரு மயிரிழை விரிசல் விழாமல். நீ அதில் நீண்ட நாள் இரு.

ஆசீர்வாதத்துடன்,
உன் அக்கா
வேல்விழி