வேலையை விடாதே, பவுடரும் அனுப்பாதே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் சித்தியும் இங்கே நலமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்த முறை ரத்தப் பரிசோதனையே அப்படித்தான் சொல்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ டாக்டராகிவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா இளைத்துப்போய்விட்டாள், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, ராஜினாமாவைக் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுக்கப் படி.

இளைத்தது உண்மைதான். ரவிக்கையை எல்லாம் நானே பிடித்துத் தைத்துக்கொண்டேன், தையல் கம்பெனியில் வேலை பார்ப்பதில் அந்த ஒரு வசதி உண்டு. காலர் தைக்கிற பெண்கள் என்னக்கா இப்படி ஆயிட்டீங்க என்று கேட்டதற்கு உடம்பைக் குறைக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன். வாயெல்லாம் புண், எதைத் தின்றாலும் கசப்பு, மதியச் சாப்பாட்டு டப்பா பாதியோடு திரும்பி வரும். இதற்கு நடுவில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, இத்தனை வருஷமாகக் கண்ணுக்கே தட்டுப்படாமல் அடங்கிக் கிடந்த எச்.ஐ.வி. கிருமி மறுபடி தலைதூக்கியிருப்பது தெரிந்தது. மாத்திரையை விட்டுட்டீங்களா என்று டாக்டர் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சோத்தை விட்டாலும் விடுவேன், மாத்திரையை விட மாட்டேன் என்று சொன்னேன். அப்படின்னா சோத்தைப் பத்தியே பேசிட்டு வாங்க என்று உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். எடை பார்த்துவிட்டு, காலையில் கண் விழித்ததிலிருந்து வாய்க்குள் என்னென்ன போகிறது என்று கேட்டாள். எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று நான் ஆரம்பித்ததும், கூட வந்திருந்த உன் சித்தி குறுக்கே புகுந்து, அக்கா பொய் சொல்லுது மேடம், காலையில வெறும் வயித்துல மாத்திரை, கூடவே ஒரு டம்ளர் பவுடர், அவ்வளவுதான், சோறுன்னா மூஞ்சியைத் திருப்பிக்குது என்று போட்டு உடைத்துவிட்டாள். எந்தப் பவுடர் என்று அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் சித்தி நீ அனுப்பிய சத்துப் பவுடர் டப்பாவோடு போய் நின்றாள். அதில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் நிறைய இருக்கிறதாம், நல்லதுதான், ஆனால் நான் சாப்பிடுகிற மாத்திரையோடு வெறும் வயிற்றில் சேர்ந்து போனால் மாத்திரையைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவே விடாதாம். மாத்திரை தினமும் உள்ளே போயிருக்கிறது, வேலை செய்யத்தான் வழியில்லாமல் இருந்திருக்கிறது. மாத்திரையோட சேர்த்தே குடிச்சிடும்மா, மறக்காது என்று நீ சொன்னது நினைவிருக்கும். இதை நீ மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நீ அக்கறையில் சொன்னாய், நான் ஆசையில் குடித்தேன், மருந்து கொடுக்கிற இடத்தில் ஒரு வார்த்தை கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. டாக்டரும் உடனே மருந்தை மாற்றவில்லை, முதல்ல இதைச் சரி பண்ணிப் பார்ப்போம் என்றார்.

அப்புறம் நீ இணையத்தில் பார்த்துச் சொன்னதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். எண்ணெய் கூடாது, மஞ்சள் கரு கூடாது, சோறு கூடாது, பழத்தில் இனிப்பு கூடாது. அதையெல்லாம் கழித்துவிட்டால் எனக்குக் காற்றும் தண்ணீரும்தான் மிஞ்சும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உங்க உடம்பு இளைச்சிருக்கு, இப்ப எதுக்குப் பத்தியம், வேகவெச்சது எதுவா இருந்தாலும் சாப்பிடுங்க என்றாள். முட்டை, மீன், கறி எல்லாம் உள்ளே பச்சை இல்லாமல் நன்றாக வேக வேண்டும், பாலும் தண்ணீரும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், பழத்தைக் கழுவாமல் கடிக்கக் கூடாது, இவ்வளவுதான் கண்டிப்பு. வாய்ப்புண்ணுக்குத் தனியாக மருந்து கொடுத்தார்கள், அது ஆறுகிறவரைக்கும் காரமில்லாமல் குழைந்த சோறும் கெட்டிப் பருப்பும் மசித்த வாழைப்பழமும் சாப்பிட்டேன். ஒரேயடியாகச் சாப்பிட முடியாததால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுக்குப் பக்கத்தில் வறுத்த நிலக்கடலை வைத்திருக்கிறேன், சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுகிறார். உன் சித்திதான் படுத்தி எடுக்கிறாள், கீரையைக் கண்ட இடமெல்லாம் வாங்கி வந்து குவிக்கிறாள், நான் மென்று முடிக்கிறவரைக்கும் எதிரே போலீஸ் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பிடித்துத் தைத்த ரவிக்கைகளை எல்லாம் இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வந்த பரிசோதனை முடிவில் கிருமி பழையபடி தட்டுப்படாமல் அடங்கிவிட்டது. டாக்டர் சொன்னதும் சித்தி அங்கேயே அழுதுவிட்டாள், நான் அழவில்லை, எனக்கு நல்ல பசி.

அதனால் வேலையை விடாதே. பவுடரும் அனுப்பாதே, இங்கே சாப்பாடே போதும் என்று அந்தப் பெண்ணும் சொல்லிவிட்டாள். நீ கம்ப்யூட்டர் முன்னால் நின்றபடி காய்ந்த ரொட்டியைக் கடிப்பதை நிறுத்து, வாரத்தில் இரண்டு நாளாவது உலை வை.

இன்னொன்று. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் அன்றைக்கு வீடியோவில் பேசும்போது, ஆன்ட்டி உங்களுக்கு சுகர் இப்ப எப்படி இருக்கு என்று கேட்டாள். பரவாயில்லைம்மா என்று சொல்லி வைத்தேன். எனக்குச் சர்க்கரை நோய் என்று நீ ஏன் அவளிடம் சொல்லியிருப்பாய் என்று எனக்குப் புரிகிறது, கோபம் இல்லை. ஆனால் அவள் உங்க கையால சாப்பிடணும் ஆன்ட்டி என்று ஆசையாகச் சொன்னபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஊருக்கு வருவதற்கு முன்னால் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இது ஒட்டாது என்பதையும் சேர்த்துச் சொல், யோசிக்க நேரம் கொடு, அவசரப்படுத்தாதே. தெரியாமல் வந்து வயிறார விருந்து சாப்பிட்டுப் போவதைவிட, தெரிந்து வந்து ஒரு வாய் சாப்பிட்டால் எனக்கு அது போதும்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அவளிடம் சொன்ன அன்றைக்கே எனக்குப் போன் செய், அவள் என்ன சொன்னாலும் சரி.

உன் அன்பு அம்மா