பெரியம்மாவின் நோய்க்கு அம்மா வைத்த பெயர்

என் ஸ்டெல்லா அக்கா,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்ததிலிருந்து எனக்கு யார் மீதும் நம்பிக்கை இல்லை. முதலில் பலாபத்வலையில் உன் வீட்டுக் கிணற்றைச் சந்தேகப்பட்டேன். மேட்டில் மரக்கறித் தோட்டம், அதற்கு அடிக்கிற பூச்சி மருந்து. பிறகு உன் மாமியாரை. இரத்தம் போகிறதென்று நீ சொன்னபோதெல்லாம், “புள்ள பெத்தவளுக்கு மூலம் வர்றதுதான்” என்று கஷாயம் வைத்துக் கொடுத்தவர் அவர்தானே? நாற்பது வயதில் பெருங்குடலில் புற்றுநோய் என்றால் நான் வேறு யாரை நினைப்பேன்?

போன மாதம் எனக்கும் வயிறு சரியில்லை. அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னைப் பற்றிச் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

“குடும்பத்துல வேற யாருக்காவது குடல்ல, கர்ப்பப்பையில புற்றுநோய் இருந்துச்சா?”

“யாருக்கும் இல்லைங்க,” என்றார் அம்மா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

பஸ்ஸில் அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவரின் கூடப்பிறந்த அக்கா, நம் பெரியம்மா எதனால் செத்தார் என்று கேட்டேன். “வயித்துக் கட்டி,” என்றார். நாம் சின்னவர்களாக இருந்தபோது சொன்னது மஞ்சள் காமாலை இல்லையா அக்கா?

ஞாயிறு பூசை முடிந்ததும், வீட்டில் சொல்லாமல் உக்குவளைக்குப் போய்ப் பெரியப்பாவைக் கேட்டேன். “கர்ப்பப்பையில புத்து. ஒங்க அம்மாதான் வெளிய சொல்ல வேணாம்னுச்சு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குதுங்களேன்னு.”

அம்மா மறுக்கவில்லை. “சொல்லியிருந்தா ஒங்கள யாருடி கட்டியிருப்பாங்க?” என்று அழுதார்.

திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேமரா விட்டுப் பார்த்து, குடலில் இருந்த சின்னக் கட்டிகளை எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் புற்றாக மாறியிருக்கலாமாம். “குடல், கர்ப்பப்பை ரெண்டுலயும் ஒரே குடும்பத்துல வந்தா, பரம்பரையான்னு சந்தேகப்படணும். அக்காவுக்குப் புள்ள இருந்தா கூட்டிட்டு வாங்க,” என்றார் டாக்டரம்மா. கிணற்றின் மேல் எனக்குள்ள சந்தேகம் இன்னும் தீரவில்லை, அது வேறு.

உன் மகள் ரோஷினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். “கல்யாணம் முடியட்டும், பொறகு சொல்லிக்கலாம்,” என்றார் அம்மா. அன்றைக்கே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டாள்: “இது எங்க அம்மாவுக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா, சித்தி?”



மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளே சொல்லப் போகிறாளாம். வியாழக்கிழமை அவளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். உன் பெயரையும் பெரியம்மா பெயரையும், நோயை மறைக்காமல், நானே அங்கே சொல்வேன். உன் பிள்ளையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரீட்டா