நான்காவது பேனாவுக்கு ஓர் உறை

எப்போதும் என்னை முந்திக்கொண்டு "வாங்க சார்" என்று சொல்லிவிடுகிற ஜபருல்லா பாய்க்கு,

இந்தத் தடவை நான் முதலில் பேசுகிறேன். நூலகத்து நண்பர்கள் உங்கள் வருஷ நினைவுக்குச் சின்னதாக ஒரு மலர் போடுகிறார்கள். "நீங்கதான் சார் பாய்கூட அதிகம் பழகினது. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். "ஜபருல்லா அவர்கள் மயிலாடுதுறையில் இரும்புக்கடை நடத்தி வந்தார்" என்று ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தால் உங்கள் கடையின் பெயர்ப்பலகை மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். உங்களைப் பற்றி எழுத வரவில்லை. உங்களுக்கே எழுதினால் வருமோ என்னவோ. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

உங்கள் பெண் நசீமா வருகிறாள், பாய். ஷார்ஜாவிலிருந்து லீவு போட்டுக்கொண்டு, உங்கள் வருஷத்துக்காக. போன வாரம் போன் பண்ணினாள். நலம் விசாரித்த கையோடு, "மாமா, அத்தா பேனா உங்ககிட்டதான் இருக்குன்னு அம்மா சொன்னாங்க. பத்திரமா இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா" என்றேன். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பேப்பரை விரிக்கிறேன், மடிக்கிறேன். அலமாரியைத் திறந்து உங்கள் பேனாவைப் பார்க்கிறேன், மூடுகிறேன்.

உங்கள் பேனா எழுதவில்லை, பாய்.

பாயம்மா நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடித்து வெளியாட்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகு, நானும் லலிதாவும் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். கிளம்புகிற நேரத்தில் பாயம்மா கைக்குட்டையில் சுற்றி அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "இது உங்ககிட்ட இருக்கட்டும் சார். இங்க இருந்தா யாராச்சும் எடுத்து கேஸ் புக் பண்ணின நம்பரை எழுதிட்டு ஜன்னல்ல வச்சிருவாங்க." எனக்கே கொடுத்தார்களா, பாதுகாத்து வைக்கச் சொன்னார்களா? கேட்டிருக்கலாம். நான் எங்கே கேட்டேன்?

வீட்டுக்கு வந்ததும் மை நிரப்பி எழுதிப் பார்த்தேன். கீறியது. ஓர் எழுத்து விழுந்தால் அடுத்த எழுத்து பாதியில் நின்றது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினேன். மையை மாற்றினேன். பூதக்கண்ணாடி வைத்து முள்ளைப் பார்த்தேன். வளைவில்லை, பிளவு நேராகத்தான் இருக்கிறது. மறுபடியும் கழுவினேன். கல்லூரியில் வாழ்நாள் முழுக்க விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன். எதையும் பிரித்துப் பார்த்து ஒழுங்காகத் திரும்பச் சேர்க்கத் தெரிந்தவன் என்று ஒரு நினைப்பு இருந்தது. உங்கள் கையில் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடின பேனா என் கைக்கு வந்ததும் நின்றுபோனால், யார் கெடுத்தது என்று வைத்துக்கொள்வது?

அதற்கு மேல் இந்த உறை விவகாரம். என்னுடைய மூன்று பேனாக்களையும் நான் எதில் போட்டு எடுத்து வருவேன் என்று உங்களுக்குத் தெரியும். கல்லூரிக் காலத்து டிசெக்‌ஷன் பெட்டி. கத்தியும் ஊசியும் செருகுகிற எலாஸ்டிக் பட்டைகளில் பேனாக்கள் கச்சிதமாக நிற்கும். அதைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் நூலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இன்னிக்கு எந்தத் தவளைக்கு ஆபரேஷன் சார்?" என்பீர்கள். உங்கள் பேனாவோ சட்டைப்பையிலேயே கிடக்கும். பைக்கு அடியில் நீலக்கறை இல்லாத சட்டை உங்களிடம் ஒன்றாவது இருந்ததா? "பொட்டிக்குள்ள போட்டா பேனாவுக்கு மூச்சு முட்டும் சார்" என்று அதற்கு ஒரு நியாயம் வேறு.

அந்த எலாஸ்டிக் இற்றுப்போய்விட்டது. நடந்தால் பெட்டிக்குள் பேனாக்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்கின்றன. புது உறை வாங்கியே ஆகவேண்டும். வாங்கினால் அதில் உங்கள் பேனாவுக்கும் இடம் பார்க்க வேண்டுமா, வேண்டாமா?

நம்மூர்க் கடையில் கேட்டேன். "பேரனுக்கா சார்? டைனோசர் போட்டது வந்திருக்கு" என்று ஜிப் வைத்த பையை எடுத்துப் போட்டான். உள்ளே தடுப்பு இல்லை. பேனாக்கள் படுத்துக் கிடந்து இடித்துக்கொள்ளும், மை கசியும். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துப் பார்த்தேன், இரண்டுக்கு மேல் போகவில்லை. கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன். வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் போகிறது, பாய். திருவிடைமருதூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் யார் வயலுக்கு எந்த மோட்டார் உங்கள் கடையிலிருந்து போனது என்று சொல்லிக்கொண்டே வந்திருப்பீர்கள். நான் மடியில் தவளைப் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன்.

பெரிய கடைத்தெருவில் நான் நினைத்த மாதிரியே இருந்தது. பழுப்புத் தோல், ஒவ்வொரு பேனாவுக்கும் தனித்தனி அறை, நிமிர்த்தி வைக்கலாம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்.

"மூணு பேனா வைக்கிறதா, நாலு வைக்கிறதா சார்?"

மூன்று என்றால் உங்கள் பேனாவைக் கொடுத்துவிட்டதாக ஆகும். நான்கு என்றால் என்னுடையதாக்கிக்கொண்டதாக ஆகும். நசீமா கேட்காமலேயே ஒன்றை முடிவுசெய்ய நான் யார்? "யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். "நாலே வாங்கிக்குங்க சார். ஒண்ணு காலியா இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றார் கடைக்காரர். காலியாக இருக்கும் அறையை நான் தினமும் திறந்து பார்க்க வேண்டாமா? அதை அவரிடம் எப்படிச் சொல்வது? வெறுங்கையோடு திரும்பினேன்.

லலிதா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப காபி ஆறுறதுக்குள்ள சரின்னீங்க. ஒரு பவுச்சுக்கு ரெண்டு தடவ கும்பகோணமா?"

"அப்ப அப்பா முடிவு பண்ணினார்."

"அப்ப இதையும் அவரையே போய்க் கேளுங்க."

நான் அப்பாவைக் கேட்கவில்லை. உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? சிரிப்பீர்கள். தபாலாபீசில் யாராவது பேனா கேட்டால் நான் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டுவேனே, அப்போது சிரிப்பீர்களே, அந்த மாதிரி. "வண்டிய ஓட்டச் சொல்லிட்டு சாவிய பையில போட்டுக்கிற ஆளுங்க இவரு" என்று கேட்டவரிடமே சொல்வீர்கள். மூடி இல்லாத பேனாவை யாரும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போக மாட்டார்கள், அதனால்தான் என்று நான் விளக்கம் சொல்வேன். அவர் எழுதி முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்பேன். நீங்களோ யார் கேட்டாலும் பேனாவை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவீர்கள். குவைத்தில் வாங்கின பேனா அத்தனை வருஷம் தொலையாமல் உங்களிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது எனக்கு இன்னும் புரியாத ஆச்சரியம்.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். இனி ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

நசீமா ஆட்டோவில் தனியாக வந்தாள். பேரீச்சம்பழ டப்பாவை லலிதாவிடம் கொடுத்துவிட்டு, "மாமா இளைச்சுட்டீங்க" என்றாள். இளைக்காமல் என்ன செய்வேன்? உங்கள் பேனாவை வெள்ளைத் துணி விரித்து மேஜைமேல் வைத்திருந்தேன். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று.

"நசீமா, பேனா பத்திரமாத்தான் இருக்கு. ஆனா எழுத மாட்டேங்குதும்மா. கழுவுறேன் கழுவுறேன்னு நான்தான் கெடுத்துட்டேன் போலிருக்கு."

"பழைய பேனாதானே மாமா. குடுங்க பாப்போம்."

மூடியைக் கழற்றிப் பேனாவைக் கொடுத்தேன். அவள் மேஜையில் கிடந்த பேப்பரின் ஓரத்தை இழுத்து, மணிக்கட்டை வளைத்துக்கொண்டு உங்கள் பெயரை எழுதினாள். மை ஓடியது, பாய். ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

"நல்லாத்தானே எழுதுது!"

நான் வாங்கி எழுதினேன். கீறியது. அவள் எழுதினாள். ஓடியது. எனக்கு வியர்த்துவிட்டது. காபி கொண்டுவந்த லலிதா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்த்தாள்.

"ஏங்க, அவ இடது கையால எழுதுறா. பாயும் அப்படித்தானே?"

அப்படித்தான். அது எனக்குத் தெரியாதா? உங்கள் இடது முழங்கை இடிக்காமல் இருக்கத்தானே நூலகத்தில் எப்போதும் உங்கள் வலப்பக்கம் உட்காருவேன். தமிழ் எழுதினால் உங்கள் இடது உள்ளங்கை ஓரமெல்லாம் நீலமாகிவிடும், அரபி எழுதினால் மட்டும் கை சுத்தமாக இருக்கும். "பாத்தீங்களா சார், எனக்கு ஏத்த எழுத்து அந்தப் பக்கத்துலேர்ந்து வருது" என்று கையை விரித்துக் காட்டுவீர்கள். இத்தனையும் பார்த்தவன் நான். அந்த முள் உங்கள் கைச் சாய்வுக்கே தேய்ந்து தேய்ந்து, வேறு கைக்கு வராமல் போயிருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே. பூதக்கண்ணாடி வைத்து வேறு பார்த்தேன்.

நசீமா பேப்பரின் ஓரம் முழுக்க என்னென்னவோ எழுதிக்கொண்டே பேசினாள். "சின்னப் புள்ளையில இந்தக் கையால எழுதினா அம்மாச்சி விரல்லயே போடுவாங்க மாமா. அத்தாதான் சண்டை போட்டாங்க. 'சாப்பிடுறது சோத்தாங்கையில சாப்பிடட்டும், எழுதுறது அவ இஷ்டம்'னு. அதுக்கப்புறம் யாரும் வாயைத் தொறக்கல." சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கை ஓரத்தைப் பார்த்தாள். நீலம்.

பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினாள். "இந்தாங்க மாமா. நான் எடுத்துட்டுப் போக வரல. அம்மா உங்களுக்குன்னுதான் குடுத்தாங்க. ஒரு தடவ எழுதிப் பாக்கணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்."

எனக்கே என்று கொடுத்தார்களாம். நான் நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளக் கையை விரித்தேன். உள்ளே மூடி இருந்தது. வழக்கம்போல அதை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது அழுத்திய தடம் உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்தது.

"எனக்கு எழுத மாட்டேங்குது, உனக்கு எழுதுது. நீ வச்சுக்க" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இந்தா, மூடி."

அவள் மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "மூடியையுமா! அத்தா இதைப் பாக்கக் குடுத்து வைக்கலியே மாமா" என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லலிதா சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் உங்கள் மகள் அடுத்துச் செய்த காரியத்தைக் கேளுங்கள். மூடியை மாட்டினாள், கைப்பையைத் திறந்தாள், போன் சார்ஜருக்கும் சீப்புக்கும் நடுவில் அந்தப் பேனாவை அப்படியே போட்டாள்! உங்கள் சட்டைப்பையேதான். "ஐயையோ, உறை இல்லாமலா? பிளேன்ல ஏறினா மை பொங்கும்மா" என்று பதறினேன். "பொங்கட்டும் மாமா" என்கிறாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கும்பகோணம் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும், "வாங்க சார், மூணா நாலா?" என்றார்.

"ஒண்ணு" என்றேன்.

"அடடே, யோசிச்சு யோசிச்சு ஒண்ணுக்கு வந்துட்டீங்களே!"

கெட்டியான உறை. உள்ளே மெத்தென்று துணி, வாய் இறுக்கமாக மூடுகிறது. பேரம்கூடப் பேசவில்லை. என்னுடைய மூன்றும் பழைய தவளைப் பெட்டிக்கே போய்விட்டன. லலிதா பாவாடை எலாஸ்டிக்கை வெட்டிப் புதுப் பட்டை தைத்துக் கொடுத்துவிட்டாள். கறுப்பு, வெள்ளை, ரோஸ் என்று மூன்று நிறத்தில் இருக்கிறது. திறந்தால் நீங்கள் சும்மா விட மாட்டீர்கள்.

உறையை நசீமாவிடம் கொடுத்தபோது, ஏறுவதற்கு முன்னால் மையை வடித்துவிடு, முள் மேலே பார்த்த மாதிரி வை, இறங்கினதும் கழுவு என்று மூன்று தரம் சொன்னேன். தலையை ஆட்டினாள். கேட்பாளா? உங்கள் பெண்ணாயிற்றே. நாளைக்கு அவள் ஏறுகிறாள். இப்போதே என் மனசு அந்தப் பைக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. மையை வடித்தாளா? உறையில் போட்டாளா, மறந்துவிட்டாளா?

போகட்டும். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். இனிமேல் தபாலாபீசில் யார் பேனா கேட்டாலும் மூடியோடு சேர்த்துக் கொடுக்க முயற்சி செய்வேன். முயற்சி என்ன முயற்சி. கொடுக்கிறேன், பாய். பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

உங்கள் நசீமாவுக்கு மாமா,
ராமநாதன்