பென்சீனில் கழுவிய கை

சிதம்பரம்,
9.8.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

கரிம வேதியியல் தொடங்கிவிட்டது. கார்பனுக்கு நான்கு கைகளாம். கிடைத்ததை எல்லாம் பிடித்துக்கொள்ளும் என்கிறார் சார். இன்று பென்சீன் குப்பியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துத் திறந்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். அப்படியும் லேசாக வாசனை வந்தது. உங்கள் சட்டை வாசனை. ஆலையில் அதை வைத்து என்ன செய்கிறீர்கள்?

மகள்,
ஜோதி மேரி

கடலூர் முதுநகர்,
15.8.2007

அன்பு மகள் ஜோதிக்கு,

நீங்கள் கூண்டில் அடைத்திருப்பதில்தான் நாங்கள் கை கழுவுகிறோம். சாயப் பிசுக்கு சோப்புக்குப் போகாது, இதற்கு உடனே போகும். ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஒரு குவளை. பிறகு கம்பெனியே வெல்லமும் வாழைப்பழமும் தருகிறது. "உள்ள போனதெல்லாம் வெளிய வந்துடும்யா" என்கிறார் ஃபோர்மேன் பழனிவேல். அவர் தனக்கு இரண்டு பழம் எடுத்துக்கொள்கிறார். நீ படிப்பைக் கவனி. அம்மா ஞாயிறு பூசையில் உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அப்பா,
அடைக்கலராஜ்

சிதம்பரம்,
20.8.2007

அப்பா,

இனி அதில் கை கழுவாதீர்கள். அது தோல் வழியாக இறங்கி, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். புத்தகத்தில் இருக்கிறது. வெல்லத்துக்கு அங்கே போக வழி தெரியாது. பல் தேய்த்தால் உங்களுக்கு ரத்தம் வருகிறது என்று அம்மா தெருமுனைக் கடை போனில் சொன்னாள். உடனே ரத்தத்தைப் பரிசோதியுங்கள். தயவுசெய்து.

ஜோதி

கடலூர் முதுநகர்,
2.11.2007

ஜோதிம்மா,

உன் கடிதத்தைப் பெருமையாக மேனேஜரிடம் காட்டினேன். "பொண்ணு நல்லாத்தான் எழுதுது. வேற யாருக்கும் காட்டிடாதய்யா" என்றார். கம்பெனி டாக்டர் ரத்தம் எடுத்தார். முடிவை அவர்களே வைத்திருக்கிறார்கள். நேற்று படி ஏறும்போது விழுந்துவிட்டேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமாம். காரும் தருகிறார்கள், செலவும் அவர்களுடையது. ஆனால் நீ ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம்: முன்பு எழுதியது விளையாட்டுத்தனம், அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சோகை என்று. எழுதிடும்மா. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

அப்பா

சிதம்பரம்,
14.11.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்ன வரியை, உங்கள் கடிதம் வந்த அன்றே மேனேஜருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சோகை. நான் விளையாட்டுப் பிள்ளை.

நேற்றைய தேர்வில், பென்சீன் உடலை என்ன செய்யும் என்று கேட்டிருந்தார்கள். கூடுதல் தாள் வாங்கி, உள்ளது உள்ளபடி எழுதினேன். அதற்கு முழு மார்க் உண்டாம்.

கடைக்குப் போன் செய்தால், "அப்புறம் பேசும்மா" என்று வைத்துவிடுகிறார்கள். கார் வந்ததா அப்பா? முடியாவிட்டால் அம்மாவையாவது எழுதச் சொல்லுங்கள்.

உங்கள்,
ஜோதி