சங்கிலிக்கு முன்னால் ஒரு தீபாவளிப் படம்

மெசின் எண்ணெய் மணம் இன்னும் என்னை விடவில்லை, தெரியுமோ சினேகிதி? நேற்று மகள் என்னை ஒரு படக் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கிழக்கு லண்டனில், முந்தி பண்டகசாலையாக இருந்த கட்டடம். உள்ளே எல்லாம் நூறு வருடத்துக்கு முந்திய படங்கள்: தையல் கூடங்கள், நூல் ஆலைகள், அவற்றில் வேலை செய்த சின்னப் பிள்ளைகள். வாசலில் அழகுக்கு ஒரு பழைய தையல் மெசினை வைத்து, யாரோ அதற்கு எண்ணெயும் போட்டிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், வலப்பக்கம் திரும்பி உம்மைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் உம்முடைய மெசின் எனக்கு வலப்பக்கம்தானே. நேற்று அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றார். பாவம், எனக்கு ஹலோ சொன்னார்.

நீர் போய் ஒரு வருடமாகப் போகிறது. செத்தவீட்டில் உம்மைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டார்கள். நான் அழுததோடு சரி. சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குள்ளேயே கிடக்கிறது. இப்போது சொல்லப்போகிறேன். வழக்கம்போல நடுவில் புகுந்து "அது அப்பிடியில்லை" என்று திருத்தாமல் இரும்.

ஃபாரஸ்ட் கேட்டில் கம்பளக் கடைக்கு மேல்மாடியில் எங்கட தையல் கூடம். பத்துப் பதினைந்து பெண்கள், எல்லாரும் எங்கட ஆட்கள், ஊரிலிருந்து வந்து கொஞ்சக் காலம்தான். நீர் கோட்டுக்குக் கொலர் வைப்பீர், நான் கை பொருத்துவேன். முன்பக்கம் ஒடுங்கின மரப்படி. அதில் பாதியைத் துணிக்கட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஒரு கதவு, அதற்கு அப்பால் இரும்புப் படி, கீழே சந்து. ஆனால் அந்தக் கதவுக்குக் குறுக்கே ஒரு சங்கிலி. சங்கிலியில் பூட்டு. பூட்டின் திறப்பு முதலாளியின் சட்டைப்பையில்.

முதலாளியைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். சம்பளம்தான் குறைவு, பேச்சு நல்ல இனிப்பு. யாருக்கும் சுகமில்லையென்றால் தன்னுடைய வானில் ஏற்றிக்கொண்டு டொக்டரிடம் போவார். ஆனால் அந்தப் பூட்டு விஷயத்தில் மட்டும் கல்லுப்பிள்ளையார்.

எனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். அன்றைக்கு முதலாளி கிங்ஸ்பரிக்குச் சாமான் கொடுக்கப் போயிருந்தார். அயன் பண்ணுகிற மேசைக்குக் கீழே கிடந்த துண்டுத் துணி புகைந்து, பிறகு பற்றிக்கொண்டது. எல்லாரும் குளற, நீர் பாதி தைத்த ஒரு கோட்டை எடுத்து அடி அடியென்று அடித்தீர். கேத்தலில் இருந்த தேத்தண்ணியையும் கொண்டுவந்து ஊற்றினீர். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. நான் பின்கதவுக்கு ஓடிப்போய்த் தள்ளினேன். சங்கிலி கிலுங்கியது, கதவு அசையவில்லை.

நெருப்பு அணைந்தபின் கரி முகங்களோடு எல்லாரும் சிரித்தார்கள். நான் சங்கிலியைப் பிடித்தபடியே நின்றேன். நீர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினீர்.

"விடும். முடிஞ்சுது. இனி உந்தப் பூட்டை நான் பாத்துக்கொள்ளுறன்."

அன்று பின்னேரமே முதலாளியிடம் போனீர். எனக்கும் கேட்கும்படிதான் கதைத்தீர்.

"அண்ணை, பின்கதவைத் திறந்து விடுங்கோ. இவள் பிள்ளைத்தாச்சி. நாளைக்கு ஏதும் நடந்தால் அந்த மரப்படியாலை உருண்டோ போறது?"

"திறந்து விட்டால் துணி போயிடும் பிள்ளை. விசா பாக்கிற ஹோம் ஒஃபிஸ்காரரும் அதாலை ஏறி வருவாங்கள். உங்கட நன்மைக்குத்தானே பூட்டி வைச்சிருக்கிறன்?"

"நெருப்பும் எங்கட நன்மைக்குத்தான் வந்ததோ?" என்று கேட்டீர். அவர் சிரித்துவிட்டுத் திறப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் அந்தக் கமெராக்காரி எங்களை பஸ் ஸ்டொப்பில் பிடித்தாள். மெலிந்த ஆங்கிலப் பெண். தையல் கூடங்களில் ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று படம் எடுத்து, கவுன்சிலுக்குக் காட்டித் திருத்துவிப்பதுதான் தன் வேலை என்றாள். எந்த முதலாளியும் தன்னை உள்ளே விடுவதில்லை என்றும் சொன்னாள். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்த உம்முடைய இங்கிலீஷ்தான் எங்கள் எல்லாருக்கும் இங்கிலீஷ். நீர் பூட்டைப் பற்றிச் சொன்னீர். அவள் கண் விரிந்துபோனது.

ஆனால் எங்கட பெண்களைச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. கடைசி மெசினில் தைக்கிற பெட்டை அழாக்குறையாகச் சொன்னாள். "நான் அம்மாவுக்கு ஒஃபிசிலை வேலை எண்டெல்லோ எழுதியிருக்கிறன். மெசினுக்குள்ள தலையை விட்டுக்கொண்டிருக்கிற படம் ஊருக்குப் போனால் அவ செத்திடுவா. படம் எண்டால் சாறி உடுத்துத்தான் எடுக்க வேணும்." மற்றவர்களும் ஓம், சாறிதான் என்றார்கள். ஒருத்தி சங்கிலி இரவல் கேட்கவும் தொடங்கிவிட்டாள், கழுத்துச் சங்கிலி. நீர் இதை மொழிபெயர்க்க, கமெராக்காரி தலையில் கை வைத்தாள். அவளுக்கு வேண்டியது எங்கள் கஷ்டம். நாங்கள் கொடுக்கத் தயாராக இருந்ததோ பட்டுச் சாறி.

அடுத்த ஞாயிறு அவள் உம்முடைய அறைக்கு ஒரு பெரிய படப் புத்தகத்தோடு வந்தாள். எங்களை எப்படியாவது வழிக்குக் கொண்டுவரத்தான். நாங்கள் மூவரும் கட்டிலில் இருந்து பார்த்தோம். நீளமான நூல் மெசின்களுக்கு நடுவே சிறுமிகள். குசினி மேசையைச் சுற்றி இருந்து, தாயோடு சேர்ந்து தைக்கிற குழந்தைகள். தலையில் துணி மூட்டையோடு தெருவில் நடக்கிறவர்கள். நீர் ஒரு படத்தில் விரலை வைத்தீர். ஆலைக்குள் நிற்கிற ஒரு சிறுமி, பத்து வயது இருக்குமோ என்னவோ.

"இஞ்சை பாரும் இவளை. காலிலை சப்பாத்தில்லை. ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னாலை ஒளிக்கிறாள். தலைமயிரையும் தடவிவிட்டிருக்கிறாள். இவளுக்கும் வடிவாத்தான் படத்திலை நிக்க வேணும், எங்கட பெட்டையளைப் போலை."

கமெராக்காரிக்கு அதைச் சொன்னீர். அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். இத்தனை வருடமாகப் பார்க்கிற படம், அந்தக் காலைத் தான் கவனித்ததே இல்லை என்றாள். பிறகு இந்தப் படங்களை எடுத்தவரைப் பற்றிச் சொன்னாள். அவரையும் ஆலைகளுக்குள் விடமாட்டார்களாம். மெசினைத்தான் படம் பிடிக்க வந்தேன் என்பாராம். மெசின் எவ்வளவு பெரிது என்று தெரிய ஒரு பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும் என்பாராம். வயதைக் கணிக்க, பிள்ளையின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தானோடு பார்த்து மனதில் வைத்துக்கொள்வாராம்.

நீர் புத்தகத்தைப் பட்டென்று மூடினீர். உம்முடைய முகத்தில் வந்த அந்தச் சிரிப்பு எனக்கு இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது.

"அப்ப அந்த மனிசன் பொய் சொல்லித்தான் உள்ளுக்குப் போயிருக்கு. எங்களுக்கென்ன, பொய் சொல்லத் தெரியாதோ? இவளவை சாறி உடுக்கப்போறாளவையாம். உடுக்கட்டும். தீபாவளி வருகுதெல்லோ? முதலாளியோடை சேர்ந்து ஊருக்கு அனுப்ப ஒரு தீபாவளிப் படம். எங்கை நிண்டு எடுக்கிறதெண்டு நான் சொல்லுறன்."

பிறகு எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு விஷயம் சொன்னீர். அதற்காகத்தான் இந்த மடல் எழுதவே குந்தினேன். "ஆர் கேட்டாலும் என்ர பேரைச் சொல்லுங்கோ. எனக்கு விசா வந்திட்டுது, உங்களுக்கு இன்னும் வரேல்லை. என்ர வேலை போனால் இன்னொண்டு தேடுவன். சரி, கதை முடிஞ்சுது, ஆரிட்டை நல்ல பச்சைச் சாறி இருக்கு?" இவ்வளவுதான். என்னமோ கடைக்குப் போய் வெங்காயம் வாங்கி வருகிறேன் என்கிற மாதிரி.

தீபாவளிக்கு முதல்நாள். குளிர்க் கோட்டுகளைக் கழற்றினால் உள்ளே பட்டும் சரிகையுமாக மின்னுகிறது. முதலாளிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. "அண்ணை, நீங்கள் நடுவிலை நிக்காட்டில் அது என்ன படம்?" என்று நீர் கேட்க, யன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவினார். பின்கதவுப் பக்கம்தான் வெளிச்சம் நல்லது என்றீர். அடி பாவி! அங்கே இருந்தது விட்டுவிட்டு எரிகிற ஒரேயொரு டியூப் லைட். ஆனாலும் மனிதர் போய்க் கதவுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு பக்கம் நீர், நடுவில் சங்கிலியும் பூட்டும். அது மறையாமல் இருக்க முந்தானையைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டீர். நான் கூச்சத்தில் ஒருத்திக்குப் பின்னால் ஒதுங்க, என் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தீர்.

"வயிறு தெரியட்டும். தெரிய வேணும்."

கமெராக்காரி ஒரு படம் எடுத்தாள். "ஒண்டு காணாது, இன்னொண்டு எடுக்கச் சொல்லும், நான் கண்ணை மூடிப்போட்டன்" என்றார் முதலாளி.

படத்தின் ஒரு பிரதி கவுன்சிலுக்குப் போனது. ஒரு பிரதியைச் சட்டம் போட்டு முதலாளிக்கே கொடுத்தீர். அவர் அதைத் தன் மேசைக்கு மேல் மாட்டினார். பிறகு ஒருநாள் கவுன்சிலில் இருந்து பரிசோதிக்க இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கீழே துணிக்கட்டுகளுக்குள் வழி தேடி மேலே வருவதற்குள் முதலாளி ஓடிப்போய்ச் சங்கிலியைக் கழற்றி ஒரு கோட்டுக் குவியலுக்குள் திணித்துவிட்டார். பூட்டா, இங்கே எப்போது பூட்டு இருந்தது என்று கேட்டார். வந்தவர்களில் ஒருவர் மேசைக்கு மேலே விரலைக் காட்டினார். அங்கே முதலாளி, பூட்டுக்குப் பக்கத்தில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் கதவைத்தான் பார்த்தார்கள், எங்களை ஒன்றும் கேட்கவில்லை. சங்கிலி அன்றோடு போனது. அவர்கள் இறங்கிப் போனபின் முதலாளி எங்கள் எல்லாரையும் பார்த்து, "இது ஆரின்ர வேலை?" என்றார். அவர் கேட்டு முடிக்க முதலே நீர் எழும்பிவிட்டீர்.

"என்ர வேலைதான், அண்ணை."

"உம்மை நம்பியெல்லோ நான் இளிச்சுக்கொண்டு நிண்டனான்?"

"படத்திலை நல்ல வடிவாத்தான் இருக்கிறியள்."

சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு! ஆனால் அவர் உம்மைப் போகச் சொன்னபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நீர் கத்தரிக்கோலை என்னிடம் தந்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, முன்படிப் பக்கம் போகாமல் பின்கதவைத் தள்ளித் திறந்தீர். குளிர்காற்று உள்ளே வந்தது. இரும்புப் படியில் உம்முடைய சப்பாத்துச் சத்தம் கீழே போகும்வரை கேட்டது. அன்று முழுக்க அந்தக் கதவை யாரும் சாத்தவில்லை, முதலாளியும் சாத்தவில்லை.

பிறகு செவன் கிங்ஸில் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலை எடுத்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தீர். என்னால் போன வேலை என்று ஒருக்கால் நான் கண் கலங்கியபோது, "சும்மா விசர்க்கதை கதையாதையும்" என்று ஏசினீர். "அந்தப் புத்தகத்திலை பிள்ளையள் நிண்டு வேலை செய்யுதுகள். இஞ்சை நான் வேலை செய்யிறன், பிள்ளையள் இருந்து சாப்பிடுதுகள். எனக்கு இது காணும்." எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்காது என்பதெல்லாம் உமக்கு மனப்பாடம். என் மகளும் ஆன்ரி, ஆன்ரி என்று உம்முடைய கையால்தான் அங்கே சாப்பிட்டு வளர்ந்தாள்.

அந்தத் தீபாவளிப் படம் என் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "ஆரின்ர கலியாணம்?" என்று கேட்கிறார்கள். நானும் கலியாணம்தான் என்று சொல்லிவிடுகிறேன். நீண்ட கதையை யார் நின்று கேட்பார்கள்? மகளும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று அந்தக் கண்காட்சிச் சுவரில் அவளைக் கண்டேன். வெறுங்காலை ஒளித்துக்கொண்டு நிற்கிற உம்முடைய பெட்டை. புத்தகத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக, கிட்டத்தட்ட அவளுடைய உண்மை உயரத்தில். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், பிறகு அவளுக்குப் பின்னால் அந்த ஆலையில் கதவு எங்கே இருக்கிறது என்று தேடினேன். இது உம்மால் வந்த பழக்கம். கோயில் மண்டபம், கலியாண ஹோல், எங்கே போனாலும் முதலில் வெளியே போகிற கதவைத் தேடிப்பிடித்து ஒருக்கால் தள்ளிப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. உம்முடைய செத்தவீட்டிலும் தள்ளிப் பார்த்தேன்.

நேற்றும் தள்ளினேன். தள்ளினால் மணி அடிக்கும் என்று அதில் எழுதியிருந்ததாம். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஐயோ, அது அடித்த அடி! கண்காட்சிக்கு வந்த அத்தனை பேரையும் தெருவில் இறக்கிவிட்டார்கள். ஹலோ சொன்ன கிழவரும் நிற்கிறார். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, சீரியஸ்லி? அது ஃபயர் எக்ஸிட்!"

"ஓம், அதுதான் திறக்குதோ எண்டு பாத்தனான்."

"வொய்? ஏன் எல்லா இடத்திலும் இப்பிடிச் செய்யிறீங்கள்?"

நடைபாதையில் நின்றபடி அவளுக்கு முழுவதும் சொன்னேன். நெருப்பு, சங்கிலி, பட்டுச் சாறி, நீர் எழுந்து நின்றது, எல்லாம். அவள் போனில் முந்தியே பிடித்து வைத்திருந்த அந்தத் தீபாவளிப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். பூட்டைக் கண்டாள். முந்தானையைப் பிடித்திருந்த உம்முடைய கையைக் கண்டாள். பிறகு என் வயிற்றைக் காட்டி, "இது நானா?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். மணி நின்று எல்லாரும் திரும்ப உள்ளே போன பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உமக்கு நன்றி சொல்லிக் குளற வேண்டும்போல இருந்தது. உயிரோடு இருந்த நாளில் சொன்னால் நீர் விட்டீரா?

இன்று மத்தியானம் வேலையிடத்திலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, எங்கட ஒஃபிஸ் பின்கதவைப் போய்ப் பாத்தனான்."

"தள்ளினியோ?"

"ஓம். பெர்மிஷன் கேட்டுட்டுத்தான்."

"திறந்ததோ?"

"திறந்தது. ஆன்ரிக்குச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டேன்.