கம்பளியை விட்டுவிட்டு வருகிறாள்

மலர் அப்பாவுக்கு,

நீங்கள் ஃபாக்டரியிலிருந்து திரும்பும்போது நான் போடிமெட்டு பஸ்ஸில் இருப்பேன். சாவி பக்கத்து வீட்டு சாந்தம்மாளிடம் இருக்கிறது. பானையில் கஞ்சி இருக்கிறது, துவையலும் அரைத்துவிட்டேன்.

சிலோனிலேயே பிறந்து வளர்ந்த என் சித்தப்பா மகள் சுருளி இன்றைக்குக் குடும்பத்தோடு போடிமெட்டில் வந்து இறங்குகிறாள், கூட்டிவரத்தான் போகிறேன். சிலோனிலிருந்து கப்பலில் வருகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் அவளைப் பார்த்துவிட்டு வந்த சங்கையா அண்ணன் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு உங்கள்மேல்தான் ஆத்திரம். இந்தியா எப்படி இருக்கும் என்று அவள் கேட்டதற்கு, இந்தப் படத்தைப் பார், அந்தப் புத்தகத்தைப் படி என்று பெருமையாக எழுதிப் போட்டீர்களே! அவளும் ஒன்று விடாமல் பார்த்தாளாம், படித்தாளாம். எல்லாவற்றிலும் வயலும் வெயிலும்தான்.

"மச்சான் ஊரு நல்லா காயுற ஊருன்னு நெனச்சு, கம்பளியெல்லாம் பக்கத்து லயத்துக்குக் குடுத்துட்டு வந்துட்டோம்ணே" என்றாளாம். கையில் பச்சைக் குழந்தை. இங்கே விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி.

நாமும் அவர்களைப் போலவே மலையில், லயத்து வரிசை வீட்டில், தேயிலைக்குள்தான் கிடக்கிறோம் என்று ஒரு வரி எழுத அவ்வளவு வெட்கமா உங்களுக்கு?

வீட்டிலிருக்கிற கம்பளி அத்தனையும் எடுத்துப் போகிறேன், உங்களுடையதும்தான். குளிரெடுத்தால் பெட்டியிலிருக்கும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

அழகுத்தாய்

பி.கு.: அடுப்பைப் பற்றவைத்து அணையாமல் பாருங்கள். குழந்தைக்கு வெந்நீர் வேண்டும்.

இன்னொன்று. வாசலில் நின்று, "இதுதான் இந்தியாவா மச்சான்?" என்று சுருளி கேட்பாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். நீங்களே சொல்லுங்கள்.