மாறினதிலும் ஒரு முறை

தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். உனக்கு முழங்கால் வலி என்று ஊர்க்காரர் சொன்னார்கள், குறைந்ததா?

நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, எந்த மொழிக்கு எந்த மொழி சொந்தபந்தம் என்று ஆராய்கிறவர். மேசை துடைக்கையில் அவருடைய சொற்சீட்டுகளைக் கலைத்துவிட்டேன். ஒன்றுபோல் தெரிந்ததையெல்லாம் சேர்த்து அடுக்கினேன். சிரித்துவிட்டார்.

"சாயல் இருந்தா சொந்தமா பாட்டி? இரவல் வாங்கினதாவும் இருக்கும். இந்த மொழியில 'ப' வர்ற இடத்துலெல்லாம் அந்த மொழியில 'ஃப' வரணும். வித்தியாசம்கூட முறை தவறாம வந்தாத்தான் ஒருதாய்ப் பிள்ளைங்க."

நான் ஆமென்றதற்கெல்லாம் இல்லையென்றவள் நீ. அந்த முறை ஒருநாளும் தவறியதில்லை. நம் அம்மா செத்த அன்று "ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்று பேச்சை நிறுத்தினாயே. பதினோரு வருஷமாக நான் மறக்கவில்லை. நீ சொன்ன அது பொய்யடி.

இங்கே குளிர். நீ தைத்த போர்வை ஒன்று அனுப்பு. வேலை கிடக்கிறது, முடிக்கிறேன். மாட்டேன் என்றாவது ஒரு வரி எழுது.